முன்கிளியும் பின்கிளியும்: மதுரை மருந்துக்கடைகளில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கச்சிகளே, கல்லாவில் இருக்கும் அண்ணாச்சிமாரே,

கீழவாசல், செல்லூர், அண்ணாநகர், அப்படியே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் என்று டவுன் பஸ் போகிற ஊரெல்லாம் மருந்துக்கடையில் நிற்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருத்தன். டி.பார்ம் முடித்த கையோடு மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் ஏறியவன், 33 வருஷம் கழித்து முழங்கால் மறுத்துவிட்டபோதுதான் இறங்கினேன்.

டாக்டர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சுகர்க்காரர் டாக்டரிடம் மூணு மாதத்துக்கு ஒருமுறை போவார். பலர் மூணு வருஷத்துக்கு ஒருமுறை. உங்களிடம் பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். பழைய அட்டையை நீட்டி, "இதுல பத்து குடுங்க" என்பார். அந்தப் பத்தை வெட்டிக் கொடுக்கிற கைதான் கடைசிக் கை. அதற்கப்புறம் அந்த மாத்திரைக்கும் அவர் வாய்க்கும் நடுவே யாரும் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். "சுகர் மாத்திரை" என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஆள் சாப்பிட்டாரா இல்லையா என்று பாராமல் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்தெடுக்கிற மாத்திரை ஒரு ரகம். அப்படிச் செய்யாதவை வேறு ரகம். வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்த நாம் சொல்வதில்லை. 33 வருஷம் நானும் சொன்னதில்லை.

சொல்லாததன் பலனை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பெரியக்காவுக்கு அப்போது 67 வயசு. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். பத்து வருஷமாகச் சுகர். மெட்பார்மினும் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. எப்போதோ ஒரு டாக்டர் எழுதிய சீட்டு. மாதாமாதம் நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். கொடுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டு: "அக்கா, ஒரு வேளகூட விட்றாத." அக்காவும் விடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தின சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், எதிர்சேவை அன்றைக்கே அக்கா விரதம் பிடித்தாள். ராத்திரி செல்லூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல். சாப்பாடு கிடையாது, மாத்திரை உண்டு. விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து குளித்து, வெறும் வயிற்றில் இன்னொரு மாத்திரை. தம்பி விடாதே என்று சொல்லியிருக்கிறானே. அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு வைகைக்கு நடந்தாள். அழகர் ஆற்றில் இறங்கினார். துருத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், கூட்டமே நனைந்து நிற்கிறது. அந்த ஈரத்தில் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது யாருக்குத் தெரியும்? கை நடுங்கியது. கண் நிலைகுத்தியது. செத்துப்போன எங்கள் சித்தப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டினாள். உடம்பு முறுக்கிக்கொண்டு ஆடியது.

"சாமி வந்துருச்சு" என்று பக்கத்தில் குலவை போட்டார்கள்.

ஒருத்தர் நெற்றி நிறைய விபூதி அள்ளிப் பூசினாராம். ஒரு அம்மா காலில் விழுந்து, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குறி கேட்டதாம். பதினெட்டாம்படிக் கருப்பு இறங்கியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேராவிட்டால் பேச்சு குழறும், குணம் மாறும், குடித்தவரைப் போலவும் சாமி வந்தவரைப் போலவும் ஆகும் என்று பாடத்தில் படித்த தம்பி, ஏ.வி. பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா மகள் ஓடிப்போய்ப் பந்தலில் நீர்மோர் வாங்கி வந்தாள். உப்பு மோரில் என்ன இருக்கிறது? அடுத்த பந்தலில் பானகம் ஊற்றினார்கள். அந்த வெல்லத் தண்ணீர்தான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. கால் மணி நேரத்தில் "எங்கடி இருக்கோம்?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து, அசதியாக இருக்கிறது என்று படுத்தவளைப் பதினோரு மணிக்கு எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 38.

பானகம் ஏற்றிய சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துபோனது. மாத்திரை தீரவில்லை. கிளிமிபிரைடு ஒருமுறை உள்ளே போனால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். சிறுநீரகம் தளர்ந்த வயசாளியிடம் இன்னும் இழுக்கும். அக்காவுக்கு முந்தின ராத்திரி போட்டதும் விடியற்காலையில் போட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. குளுக்கோஸ் ஏற்றி எழுப்பிய பிறகும் டாக்டர் வீட்டுக்கு அனுப்பாமல் ஒன்றரை நாள் வைத்துக்கொண்டது அதனால்தான்.

அந்த டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மாத்திரை போடுறாங்க?" அக்கா மகள் சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். ஆறு குழி உள்ள ஒரு துண்டு. பேர் அச்சடித்த பாதி அதில் இல்லை. மாதக் கணக்குக்குச் சரியாக வரவேண்டும் என்று வெட்டியது என் கத்தரி.

இனி உள்ளே நடப்பது. உங்கள் பாடத்தில் வந்ததுதான். பரீட்சை எழுதிவிட்டு எல்லாரும் மறந்தோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கிற ஒரு சாண் நீளச் சுரப்பி. பெரும்பகுதிக்குச் செரிமானச் சாறு சுரக்கிற வேலை. இன்சுலின் வருவது நடுநடுவே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் திட்டுகளிலிருந்து. அவை மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான் தேறும். 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்லை எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சியோடு ஒப்பிடலாம். நல்ல நீர்பாய்ச்சி வயலைப் போய்ப் பார்க்காமல் மடையைத் தொடமாட்டார்.

பீட்டா செல் எப்படிப் பார்க்கிறது? சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற குளுக்கோஸ் அந்த செல்லுக்குள் நுழைந்து எரிகிறது. எரிந்ததில் ஏ.டி.பி. என்கிற சக்தித் துணுக்குகள் கூடுகின்றன. செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியே கசிகிற ஒரு வாசல் இருக்கிறது. ஏ.டி.பி. கூடினால் அது மூடும். பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் செல்லின் மின்னழுத்தம் மாறும். அதில் கால்சியம் வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், ஏற்கெனவே செய்து சிமிழ் சிமிழாக அடைத்து வைத்திருந்த இன்சுலின் ரத்தத்தில் கொட்டும். சர்க்கரை இறங்கினால் ஏ.டி.பி. குறையும், பொட்டாசியம் வாசல் திறந்துகொள்ளும், இன்சுலின் அடங்கும். இந்த வரிசையில் முதல் படியே சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

நான் சொன்ன பிழிகிற ரகத்துக்குப் பேர் சல்போனைல்யூரியா. அக்கா போட்ட கிளிமிபிரைடு அதில் ஒன்று. இந்த மாத்திரைகள் அந்த முதல் படியை ஏறுவதே இல்லை. நேராகப் பொட்டாசியம் வாசலில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திவிடுகின்றன. மீதியெல்லாம் தானாக நடக்கிறது. வயல் காய்ந்து கிடக்கிறதா, நெஞ்சளவு நிற்கிறதா என்று பாராமல் வெளியாள் வந்து மடையை உடைத்துவிடுகிற மாதிரி.

இந்த மருந்து பிறந்த கதையே இதுதான். 1942, உலகப்போர் நடுவில் பிரான்ஸின் மோன்பெலியே நகரம். மார்செல் ஜான்போன் என்ற டாக்டர் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புது சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு மயக்கம் வந்தது, வலிப்பு கண்டது. சோதித்தால் சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. அதே ஊரில் இருந்த ஒகுஸ்த் லூபத்தியேர் இதைப் பிடித்துக்கொண்டு நாய்களிடம் ஆராய்ந்தார். கணையத்தை முழுசாக எடுத்துவிட்ட நாய்க்குக் கொடுத்தால் சர்க்கரை இறங்கவில்லை. கணையம் இருக்கிற நாய்க்கு இறங்கியது. ஆக மருந்து வேலை செய்வது கணையத்தின் வழியாகத்தான் என்று தெரிந்தது. அந்த வழியில் வந்து 1950-களில் கடைக்கு வந்தது டோல்புடமைடு. அதன் பேரன் பேத்திகள்தான் இன்று உங்கள் அலமாரியில் இருப்பவை. நாம் பக்கவிளைவு என்று சொல்கிற தாழ்சர்க்கரையைப் பார்த்துத்தான் இந்த மருந்தையே கண்டுபிடித்தார்கள்.

எது எந்த ரகம் என்று நினைவில் வைக்க ஒரு சுளுவான வழி சொல்கிறேன். மீனாட்சி கையில் கிளி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது மறக்காது. பிராண்டு பெயரை விடுங்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு: கிளி முன்னால் நிற்கிறது. இவை பிழிகிறவை. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின், பயோகிளிட்டசோன், வோகிளிபோஸ்: கிளி பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இவை தனியாகக் கொடுத்தால் சர்க்கரையை மட்டுமீறித் தள்ளுவது அபூர்வம். மெட்பார்மினில் கிளியே கிடையாது. விதிக்கு ஒரு விலக்கு ரெபாகிளினைடு. பின்கிளி வேஷத்தில் இருக்கிற முன்கிளி. ஆனால் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டு, சாப்பாடு இல்லாத வேளை விட்டுவிடுவதுதான் அதன் முறை.

பின்கிளிகளில் கிளிப்டின்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் அவையும் கணையத்தோடு சம்பந்தப்பட்டவை. ஒரே அளவு குளுக்கோஸை ஒருவருக்கு நரம்பில் ஏற்றுங்கள், இன்னொரு நாள் வாயால் குடிக்கக் கொடுங்கள். வாயால் குடித்த நாளில்தான் அதிக இன்சுலின் சுரக்கும். 1964-ல் இதைக் காட்டினார்கள். காரணம், சோறு வந்துவிட்டது என்று குடல் கணையத்துக்குச் சொல்லி அனுப்புகிற ஹார்மோன்கள். அதில் ஒன்று ஜி.எல்.பி.-1. அது ரத்தத்தில் இரண்டு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்காது; டி.பி.பி.-4 என்கிற நொதி நறுக்கிவிடும். கிளிப்டின் அந்தக் கத்தரியைத்தான் பிடித்துக்கொள்கிறது. தூதாள் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கிறான், கணையம் சற்றுக் கூடுதலாகச் சுரக்கிறது. முக்கியமானது என்னவென்றால், ஜி.எல்.பி.-1 சொல்வதை பீட்டா செல் கேட்பது ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான். நீர்பாய்ச்சியிடம் "மேல வயலப் பாருங்கண்ணே" என்று ஞாபகப்படுத்துகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறப்பதும் திறக்காததும் அவர் முடிவு. முன்பு இவை விலை கூடுதல். வில்டாகிளிப்டினுக்கு 2019 டிசம்பரிலும், சிட்டாகிளிப்டினுக்கு 2022 ஜூலையிலும் காப்புரிமை முடிந்த பிறகு விலை எப்படிச் சரிந்தது என்று உங்களுக்கே தெரியும்.

மற்றவற்றை ஓடிக் கடக்கலாம். மெட்பார்மின் ஈரல் சும்மா சும்மா சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. பயோகிளிட்டசோன் இருக்கிற இன்சுலினுக்குத் தசையும் கொழுப்பும் காதுகொடுக்கச் செய்கிறது. வோகிளிபோஸ் குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்துகிறது. டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரகத்தில் நின்று சர்க்கரையை மூத்திரத்தில் அனுப்புகிறது. இவை எதுவும் கணையத்தைப் பிழிவதில்லை. ஆனால் எந்தக் கூட்டு மாத்திரையிலும் ஒரு முன்கிளி இருந்தால் அதுதான் கணக்கு. கூட யார் இருந்தாலும் சாப்பிடாத நாளில் அது பிழியும்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் "முன்கிளி வேண்டாம், நிறுத்திருங்க" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய தப்பு. "கணையத்தக் கசக்கிப் பிழிஞ்சு சாகடிச்சுரும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி மாத்திரையை விட்டவர்கள், காலில் ஆறாத புண்ணோடு பஞ்சும் அயோடினும் வாங்க வருவதை நாம் பார்த்திருக்கிறோம். சல்போனைல்யூரியா மலிவான மருந்து, சர்க்கரையை நன்றாக இறக்குகிற மருந்து. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவு சொன்ன பெரிய ஆராய்ச்சியில், இந்த மாத்திரைகளாலோ இன்சுலினாலோ சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் மாதிரி சிறு ரத்தக்குழாய்ச் சேதங்கள் 25 சதவீதம் குறைந்தன. அதே ஆராய்ச்சி இன்னொன்றும் சொன்னது. நோய் கண்டுபிடிக்கிற நாளிலேயே பீட்டா செல்லின் திறன் பாதி போயிருக்கிறது; அதற்கப்புறம் எந்த மருந்து கொடுத்தாலும், வெறும் பத்தியம் மட்டும் இருந்தாலும் அது வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே போகிறது. தேய்வது நோயின் சுபாவம். பழியை முழுக்க மாத்திரையின் தலையில் போட முடியாது.

அதற்காக முன்கிளிக்கு முழு வக்காலத்தும் வாங்கமாட்டேன். 2006-ல் வந்த ஓர் ஒப்பீட்டில், ஒரே மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் மருந்து போதாமல் போனது கிளிபென்கிளமைடு போட்டவர்களில் 34 சதவீதத்துக்கு, மெட்பார்மின்காரர்களில் 21 சதவீதத்துக்கு. அது வேகமாக ஓடி வேகமாகக் களைக்கிறது. 2019-ல் கிளிமிபிரைடையும் லினாகிளிப்டினையும் ஆறு வருஷத்துக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தாழ்சர்க்கரை கண்டவர்கள் மட்டும் கிளிமிபிரைடில் 37.7 சதவீதம், லினாகிளிப்டினில் 10.6 சதவீதம். அந்த 37.7-ல் என் அக்கா இல்லை, ஆனால் எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் அவள் முகம்தான் தெரிகிறது. எந்த ரகம் யாருக்கு என்று எழுதுவது டாக்டர் பாடு. எழுதியது என்ன ரகம் என்று சொல்வது நம் பாடு.

சரி, நம் பாட்டைப் பேசுவோம்.

அட்டையை வெட்டும்போது பேர் உள்ள பக்கத்தை வாங்குகிறவருக்கு விடுங்கள். கடையில் மிஞ்சுகிற துண்டில் பேர் இல்லாவிட்டால் நமக்குத் தெரியும் அது என்னவென்று. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்கிற டாக்டருக்குத் தெரியாது. முடியாது என்றால் கவரில் தமிழில் மருந்துப் பெயரை எழுதுங்கள். முன்கிளியாக இருந்தால் சிவப்புப் பேனாவால் அட்டையில் ஒரு புள்ளி வையுங்கள், வைக்கும்போதே சொல்லுங்கள்: "ஆத்தா, இந்தச் செவப்புப் புள்ளி போட்டது சோத்தோட போற மாத்திரை. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டுந்தான். சோறு இல்லாத வேளைக்கு இது வேண்டாம், டாக்டர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க." பத்து விநாடி ஆகாது. கூட்ட நேரத்தில் பத்து விநாடி எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

"காலையில ஒண்ணு" என்று மணியைச் சொல்லாதீர்கள். சாப்பாட்டைச் சொல்லுங்கள். மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூணு நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போகிறார்கள். கிளம்பும்போது வரக்காப்பியும் மாத்திரையும். சாப்பாடு வெயில் ஏறிய பிறகு. "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று நாம் சொன்னதை அவர்கள் அப்படியே கேட்டிருக்கிறார்கள்; நமக்கும் அவர்களுக்கும் காலை ஒன்றில்லை, அவ்வளவுதான். தை மாதத்தில் பழனிக்கு நடந்து போகிறவர்கள், ரம்ஜானுக்கு நோன்பு பிடிக்கிற கோரிப்பாளையம், காஜிமார் தெருக்காரர்கள், எல்லாருக்கும் இதே கதை. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது, "ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு, பாதி ஒடச்சுப் போடுங்க." இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கு வைத்தால் பாவக்கணக்கு நீளும். கிளிமிபிரைடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளின் பேருக்குக் கடைசியில் இருக்கிற 1, 2 என்ற எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் மில்லிகிராம். 1-க்கு 2 கொடுத்தால் பிழிகிற மருந்து இரட்டிப்பு. உடைத்தால் போதாதா என்றால், அதில் உள்ள மெட்பார்மின் பெரும்பாலும் மெதுவாகக் கரையும்படி செய்தது. உடைத்தால் அந்தக் கட்டுமானம் போச்சு. சரக்கு இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அடுத்த கடைக்கு அனுப்புங்கள். அண்ணாச்சிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய அட்டை விவகாரம் இன்னும் சிக்கல். 50 வயதில் எழுதிய சீட்டு 70 வயதிலும் ஓடுகிறது. அதற்குள் ஆள் எடை இறங்கியிருப்பார், பல் போயிருக்கும், மூணு இட்லி ஒண்ணரை ஆகியிருக்கும், சிறுநீரகம் தளர்ந்திருக்கும். மாத்திரை மட்டும் மாறியிருக்காது. என் அக்காவுக்கு நடந்ததில் விரதம் பாதிதான், மீதிப் பாதி இது. முக்கியமாகக் கிளிபென்கிளமைடு. அதன் கழிவுப் பொருளும் வேலை செய்யும், சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 60 தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நரைத்த தலை அந்த அட்டையை நீட்டினால், கொடுக்குமுன் "கடைசியா டாக்டரை எப்பப் பாத்தீங்க, கிட்னிக்குக் கிரியேட்டினின் டெஸ்ட் பாத்தீங்களா?" என்று கேளுங்கள். (மெட்பார்மினைக் கண்டால்தான் ஜனம் "கிட்னியக் கெடுத்துருமாமே" என்று பயப்படுகிறது. அது கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி மோசமாகியிருந்தால் அதன் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும், அவ்வளவே. பயம் எப்போதும் தப்பான அட்டைமேல்தான் விழுகிறது.)

இன்னொரு கண்ணி நாமே வைப்பது. டாபாகிளிஃப்ளோசின் போடுகிற அம்மாவுக்கு மூத்திரத்தில் சர்க்கரை போவதால் அந்த இடத்தில் பூஞ்சை அரிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். கடைக்கு வந்து, தங்கச்சி இருக்கிற பக்கமாக ஒதுங்கி, "அரிப்புக்கு ஏதாச்சும் குடும்மா" என்பார். நாம் ஃப்ளூகோனசோல் 150 ஒன்றை எடுத்துக் கொடுப்போம். அந்த அம்மா கிளிமிபிரைடும் போடுகிறவராக இருந்தால், ஃப்ளூகோனசோல் அது ஈரலில் கழிவதைத் தடுத்து ரத்தத்தில் தேக்கிவிடும். சர்க்கரை இறங்கும். அரிப்புக்குப் போட்ட மாத்திரையால் மயக்கம் வந்தது என்று யார் யூகிப்பார்கள்? வேறு என்னென்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். வெறும் வயிற்றில் சாராயமும் அப்படித்தான். ஈரல் சர்க்கரை செய்து விடுவதை நிறுத்திவிடும். ரோட்டோரம் கிடக்கிறவர் எல்லாம் போதையில் கிடக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், சட்டைப்பையில் முன்கிளி இருக்கலாம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருமல் மிட்டாய் ஜாடி வைக்கிறீர்களே, அங்கே குளுக்கோஸ் பொடிப் பாக்கெட்டும் வையுங்கள். சிவப்புப் புள்ளிக்காரர் வீட்டில் அது எப்போதும் இருக்கவேண்டும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் தடுமாற்றம் வந்து, பார்த்தால் சர்க்கரை 70-க்குக் கீழே என்றால் மூணு டீஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும், ஏறியதும் சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், முன்கிளியால் வந்தது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். பானகம் குடித்துத் தெளிந்த என் அக்கா திரும்ப விழுந்ததைச் சொன்னேன் அல்லவா.

ஏன் குளுக்கோஸ், வீட்டுச் சீனி போதாதா? பலருக்குப் போதும். ஆனால் கிளிமிபிரைடு, மெட்பார்மினோடு வோகிளிபோஸும் சேர்ந்த மூணு கூட்டு மாத்திரை நம் ஊரில் எவ்வளவு ஓடுகிறது என்று உங்கள் பில் புத்தகம் சொல்லும். சீனியும் வெல்லமும் குடலில் உடைந்தால்தான் குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும். அந்த உடைப்பைத்தான் வோகிளிபோஸ் பிடித்து வைத்திருக்கிறது. அக்கா அந்த மாத்திரையில் இருந்திருந்தால் வைகைக் கரையில் பானகமும் சட்டென்று கைகொடுத்திருக்காது. குளுக்கோஸ் உடைய வேண்டியதில்லை, நேரே ஏறும்.

ரத்தக்கொதிப்புக்கு அட்டினலால், புரோப்ரனலால் போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வேர்வை மட்டும்தான் தெரியும். அதையும் காதில் போட்டு வையுங்கள்.

நான் வேலை பார்த்த கடையில் இப்போது இருக்கிற பையனிடம் ஆறு சிவப்புப் பேனா வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் சிரித்தான். போன மாதம் போனபோது பேனா தீர்ந்துவிட்டது என்றான்.

அக்காவுக்கு டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டு ஒரு பின்கிளியைக் கொடுத்திருக்கிறார், மெட்பார்மின் அளவையும் குறைத்தார். சர்க்கரை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. அவள் வயசுக்கு அது போதும் என்கிறார். இந்தச் சித்திரைக்கும் விரதம் இருந்தாள். சுருக்குப்பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும் முழு அட்டையும் நான் வைத்து அனுப்பினேன். திரும்பி வந்ததும் பாக்கெட்டைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, "இந்த வருசம் சாமி வரவே இல்லடா" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அன்றைக்கு வந்தது கருப்புதான், மாத்திரை இல்லை என்பதில் அவளுக்கு இன்னமும் சந்தேகம் கிடையாது. குறி கேட்ட அந்த அம்மாவின் மகளுக்கு அடுத்த ஆவணியிலேயே கல்யாணம் ஆகிவிட்டதாம்.

இப்படிக்கு,
உங்களுக்கு முன்னால் கவுன்டரில் நின்ற ஒருவன்,
மதுரை.